குண்டு பல்பும் கோழிக்குஞ்சும்: ஒரு வாட் கணக்கு

போன மார்கழியில் என் கோழிக்குஞ்சுகளில் பத்தொன்பது ஒரே ராத்திரியில் செத்துப்போயின. நோய் இல்லை. கீரி வரவில்லை, பாம்பும் வரவில்லை. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று ஒரு பல்பு கூடுதலாக மாட்டினேன். அதுதான் காரணம்.

பல்பு கூடினால் சூடு கூடும் என்றுதானே யாரும் நினைப்போம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். கூடவில்லை, குறைந்துவிட்டது. ஏன் குறைந்தது என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்தாம் வகுப்பில் படித்த கணக்குதான், பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துபோனது. "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது" என்பார்கள். அது விலைக் கணக்குக்குச் சொன்னது. கரண்ட் கணக்கைப் பார்க்காவிட்டால் குஞ்சுகூட மிஞ்சாது. குஞ்சு வளர்க்கிறவர்கள், சோலார் விளக்கு போட நினைக்கிறவர்கள், தோட்டத்துக்கு ஒயர் இழுக்கிறவர்கள் எல்லோருக்கும் இது உதவும் என்று எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் கோத்தகிரிப் பக்கம். கொஞ்சம் தேயிலை, கொஞ்சம் கேரட், பூண்டு. உர மூட்டையை நிறுத்தினபிறகு எருவுக்காக நாட்டுக்கோழி வளர்க்க ஆரம்பித்தேன். சமவெளியில் குஞ்சு வளர்ப்பதற்கும் இங்கே வளர்ப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதல் வாரம் குஞ்சுக்கு 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேணும், அதாவது 35 டிகிரி செல்சியஸ். வாரம் ஒன்றுக்கு 5 டிகிரி ஃபாரன்ஹீட் குறைத்துக்கொண்டே வரலாம். மார்கழி, தை மாதங்களில் இங்கே பள்ளத்துத் தோட்டங்களில் விடியற்காலையில் உறைபனி விழும். புல் வெள்ளையாகக் கிடக்கும். அந்தக் குளிரிலிருந்து 95 டிகிரிக்குக் கொண்டுபோவது ஒரு பல்பின் வேலை.

அறுபது குஞ்சு விட்டிருந்தேன். தகரத் தடுப்பு போட்டு, உமி பரப்பி, நடுவில் 100 வாட் குண்டு பல்பு ஒன்று. குஞ்செல்லாம் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு கத்தின. குளிருகிறது என்று அர்த்தம். கடைக்குப் போய் இன்னொரு 100 வாட் பல்பும் ஹோல்டரும் வாங்கி வந்தேன். முதல் பல்புக்குப் போகும் இரண்டு ஒயரில் ஒன்றை வெட்டினேன். வெட்டின இரண்டு முனையையும் புது ஹோல்டரின் இரண்டு பக்கமும் சேர்த்து முறுக்கினேன். சுவிட்சைப் போட்டேன். இரண்டும் எரிந்தன, ஆனால் மஞ்சளாக, மங்கலாக. "சாயங்காலம் வோல்டேஜ் இல்லை, எல்லார் வீட்டிலும் ஹீட்டர் ஓடுது" என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன். விடிந்து பார்த்தால் ஒரு குவியல். அடியில் இருந்ததெல்லாம் நசுங்கியும் மூச்சுமுட்டியும் செத்திருந்தன.

என் தம்பி மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். வந்து ஒரு பார்வை பார்த்தான்.

"பெரியப்பா, சீரிஸ்ல குடுத்திருக்கீங்க."

"இரண்டு பல்பும் எரியுதேடா?"

"எரியும். ஆனா இப்ப எரியறது இரநூறு வாட் இல்ல, ஐம்பது வாட்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நூறும் நூறும் சேர்ந்தால் ஐம்பதா? அவன் உரச்சாக்கின் பின்பக்கம் எழுதிக் காட்டினான். அதைத்தான் இங்கே என் மொழியில் சொல்கிறேன்.

மின்சாரத்தைத் தண்ணீராக நினைத்துக்கொள்ளுங்கள். நீலகிரிக்காரனுக்கு இந்த உவமை கற்பனை இல்லை, கண்ணெதிரே இருக்கிற உண்மை. பைக்காரா ஆற்றை மடக்கி, குழாயில் இறக்கி, மசினகுடிப் பக்கம் சிங்காராவில் பவர் ஹவுஸ் கட்டினார்கள். வேலை ஆரம்பித்தது 1929. மின்சாரம் வந்தது 1932. தண்ணீர் இறங்கும் உயரம் ஏறத்தாழ 3,000 அடி. அந்த உயரத்திலிருந்து நொடிக்கு ஒரே ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்தால் அதில் சுமார் 9,000 வாட் திறன் இருக்கிறது. கணக்கு இதுதான்: ஒரு லிட்டர் என்பது ஒரு கிலோ, புவியீர்ப்பு 9.8, உயரம் 914 மீட்டர். மூன்றையும் பெருக்குங்கள். குழாயிலும் சக்கரத்திலும் ஜெனரேட்டரிலும் கொஞ்சம் வீணானாலும் எண்பது குண்டு பல்பு எரியும், நொடிக்கு ஒரு சொம்புத் தண்ணீரில். அதே ஒரு லிட்டர் கீழே பவானியில் பத்தடி மதகில் விழுந்தால் 30 வாட்கூடத் தேறாது. தண்ணீர் அதேதான், விழும் உயரம்தான் வேறு. கோயம்புத்தூர் மில்களும் கொங்கு நாட்டுக் கிணற்று மோட்டார்களும் பெருகினதற்கு இந்த உயரம்தான் ஆதாரம். பைக்காராவுக்கு முன்னாலேயே, குன்னூர்ப் பக்கம் காட்டேரி அருவியில் மின்சாரம் எடுத்து அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்குக் கொடுத்தார்கள். பிறகு கொழும்புத் திட்டத்தில் கனடா உதவியோடு குந்தா வந்தது. ஊரெல்லாம் வெளிச்சமாக்கின மலை இது. அதன் கடைக்கோடி ஹட்டியில் சாயங்காலம் ஆனால் பல்பு மினுக்கும், அது வேறு கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

உயரம் என்றால் வோல்ட். ஓடுகிற தண்ணீரின் அளவு என்றால் ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் வருவது வாட். குழாய் எவ்வளவு குறுகலோ, அவ்வளவு தடை. அந்தத் தடைக்குப் பெயர் ஓம். வோல்ட்டை ஓமால் வகுத்தால் எத்தனை ஆம்பியர் ஓடும் என்று தெரியும். இவ்வளவுதான் சாமான். இதை வைத்துக்கொண்டு எந்த பல்புக் கணக்கையும் போட்டுவிடலாம்.

இப்போது பல்பைக் கையில் எடுங்கள். கண்ணாடியின் மேல் 230 வோல்ட், 100 வாட் என்று எழுதியிருக்கும். நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். நூறு வாட் என்பது அந்த பல்புக்குள்ளேயே இருக்கிற சரக்கு என்று நினைத்துவிட்டேன். மூட்டையில் 50 கிலோ என்று எழுதியிருந்தால் உள்ளே 50 கிலோ இருக்கும் அல்லவா, அதுபோல. பல்பு அப்படி இல்லை. "எனக்கு 230 வோல்ட் கொடுத்தால் 100 வாட் தருவேன்" என்று அது நிபந்தனை போட்டுச் சொல்கிறது. வோல்ட் குறைந்தால் அந்தப் பேச்சு செல்லாது.

பல்போடு கூடவே வருவது அதன் தடை. அதைக் கண்டுபிடிக்க வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுக்க வேண்டும். 230 பெருக்கல் 230 என்றால் 52,900. அதை 100-ஆல் வகுத்தால் 529 ஓம். 60 வாட் பல்புக்கு 882 ஓம், 40 வாட்டுக்கு 1,322 ஓம். கவனியுங்கள், வாட் குறைந்த பல்புக்குத்தான் தடை அதிகம். குறுகலான குழாயில் தண்ணீர் குறைவாக ஓடும், அதனால் வேலையும் குறைவாக நடக்கும். இந்தத் தலைகீழ் விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

நான் செய்த காரியத்துக்கு வருவோம். ஒரு ஒயரை வெட்டி நடுவில் இன்னொரு பல்பைச் செருகினேன். ஆக, கரண்ட் ஒரு பல்புக்குள் போய் வெளியே வந்து அடுத்த பல்புக்குள்ளும் போயாக வேண்டும். இதுதான் தொடர் இணைப்பு, எலக்ட்ரீசியன் பேச்சில் சீரிஸ். தடை இரண்டும் கூடிவிட்டது: 529-ம் 529-ம் 1,058 ஓம். 230 வோல்ட்டை இதால் வகுத்தால் 0.217 ஆம்பியர். மொத்த வாட் 230 பெருக்கல் 0.217, அதாவது 50. ஆளுக்கு 25 வாட். ஒரு பல்பு மட்டும் இருந்தபோது 100 வாட் கிடைத்தது. இரண்டாவது மாட்டினதும் பாதியாகிவிட்டது. குஞ்சுகள் நான் போட்ட கணக்கில் கதகதப்பாகவும் நிஜத்தில் குளிரிலும் இருந்தன.

செய்திருக்க வேண்டியது பக்க இணைப்பு, பேரலல் என்பது. வருகிற இரண்டு ஒயரிலிருந்தும் தனித்தனியாகக் கிளை எடுத்து ஒவ்வொரு பல்புக்கும் கொடுப்பது. ஒரு வாய்க்காலிலிருந்து பாத்தி பாத்தியாக மடை திறப்பதுபோல. ஒவ்வொரு பல்புக்கும் முழு 230 வோல்ட் கிடைக்கும். ஒவ்வொன்றும் தன் 100 வாட்டைத் தரும். மொத்தம் 200. நான் செய்தது ஒரு பாத்தியில் நிறைந்து வழிகிற தண்ணீரைத்தான் அடுத்த பாத்திக்கு விடுகிற மாதிரி.

தம்பி மகன் இன்னொரு வேடிக்கையும் காட்டினான். 40 வாட் பல்பையும் 100 வாட் பல்பையும் சீரிஸில் போட்டான். எது பிரகாசமாக எரியும் என்று கேட்டான். நான் நூறு என்றேன். 40 வாட்தான் எரிந்தது. நூறு வாட் பல்பு செத்த மாதிரி இருந்தது. கணக்குப் போட்டால் புரியும். 1,322-ம் 529-ம் கூட்டினால் 1,851 ஓம். ஓடும் கரண்ட் 0.124 ஆம்பியர். இரண்டிலும் அதே கரண்ட்தான் ஓடுகிறது, வேறு வழியில்லை. ஒரே கரண்ட் ஓடும்போது தடை அதிகமுள்ள இடத்தில்தான் சூடு அதிகம். கரண்டை அதே கரண்டால் பெருக்கி, ஓமால் பெருக்கினால் வாட். அப்படிப் பார்த்தால் 40 வாட் பல்புக்கு 20 வாட்டும் 100 வாட் பல்புக்கு 8 வாட்டும் வருகிறது. இந்தச் சூட்டுக் கணக்கைக் கண்டுபிடித்தவர் ஜூல் என்கிற இங்கிலாந்துக்காரர், 1840-களின் தொடக்கத்தில். பீர் காய்ச்சுகிற குடும்பத்துப் பிள்ளை, கல்லூரி வாத்தியார் அல்ல. நம்மைப்போல ஒரு தொழிலில் இருந்துகொண்டே அளந்து பார்த்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் விவரம் தெரிந்தவர்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். குண்டு பல்பின் தடை ஒரே மாதிரி நிற்காது. எரியாத 100 வாட் பல்பை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 529 காட்டாது, நாற்பது ஓம் சொச்சம்தான் காட்டும். உள்ளே இருக்கிற டங்ஸ்டன் இழை சூடாக ஆகத் தடை ஏறுகிறது, வெள்ளையாகப் பழுத்த நிலையில்தான் 529. மங்கலாக எரியும்போது இழை அவ்வளவு சூடாக இல்லை, தடையும் அவ்வளவு இல்லை. அதனால் என் இரண்டு பல்பும் 50 வாட்டுக்குக் கொஞ்சம் கூடவே, அறுபது எழுபது வாட் தந்திருக்கும். குஞ்சுக்கு அது போதவில்லை என்பதில் மாற்றமில்லை. நமக்கு வேண்டியது எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்ற அளவு. அதற்கு இந்தக் கணக்கு தாராளம்.

இப்போது அந்தச் சாயங்கால மினுக்கல். டிரான்ஸ்பார்மரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற லைன் நீளம். சரிவில் ஏறி, வளைவெல்லாம் சுற்றி வருகிறது. நாங்கள் வாலில் இருக்கிறோம். ஒரு கீசர் 2,000 வாட். 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். பத்து வீட்டில் ஒரே நேரத்தில் கீசர் போட்டால் எண்பது ஆம்பியருக்குமேல் அந்தக் கம்பி வழியாக ஓடுகிறது. கம்பிக்கும் தடை உண்டு. ஓடுகிற ஆம்பியரைக் கம்பியின் ஓமால் பெருக்கினால் அத்தனை வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். மீதிதான் நமக்கு. ஊருக்கு ஊர் 11,000 வோல்ட்டில் லைன் இழுத்து, கடைசியில் இறக்கிக் கொடுப்பது இதற்காகத்தான். வோல்ட் ஏறினால் அதே வாட்டுக்கு ஆம்பியர் குறையும், ஆம்பியர் குறைந்தால் வழியில் தொலைவதும் குறையும்.

மல்டிமீட்டர் ஒன்று வாங்கினேன். சில நூறு ரூபாய்தான். மண்வெட்டி, களைக்கொத்தோடு இதுவும் ஒரு பண்ணைக் கருவி என்று இப்போது சொல்வேன். சாயங்காலம் ஏழு மணிக்குக் கோழிக் கொட்டகை பிளக்கில் வைத்துப் பார்த்தால் 184 வோல்ட். 230-ல் எண்பது சதவீதம். பரவாயில்லை, இருபது சதவீதம்தானே குறைந்தது என்று தோன்றும். ஆனால் வாட் குறைவது வோல்ட்டின் இருமடிக்கு. வோல்ட் குறையும்போது ஆம்பியரும் கூடவே குறைகிறது, அதனால் இரண்டு தடவை அடி. 0.8 பெருக்கல் 0.8 என்றால் 0.64. நூறு வாட் பல்பு 64 வாட்தான் தருகிறது. இழையின் தடை இறங்குவதையும் சேர்த்தால் எழுபது என்று வையுங்கள். வெளிச்சம் இதைவிட மோசமாகப் பாதிக்கும் கீழே விழும். அதனால் கண்ணால் பார்த்து சூட்டை எடைபோடாதீர்கள். வெளிச்சம் பாதி என்றால் சூடு பாதி என்று அர்த்தமில்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு எல்லோரும் தூங்கினபிறகு அதே பிளக்கில் 245 வோல்ட். அப்போது பல்பு 113 வாட் கணக்கில் பொரிகிறது. பழைய பல்பு ஃப்யூஸ் ஆவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான், குளிர் உச்சத்தில் இருக்கும்போது. ஒரே ஒரு பல்பை நம்பியிருந்தால் அதோடு முடிந்தது.

இதையெல்லாம் வைத்து நான் இப்போது போடுகிற கணக்கு இது. கோழி வளர்ப்பில் பொதுவாகச் சொல்வது குஞ்சுக்கு 2 வாட். அறுபது குஞ்சுக்கு 120 வாட். அது சமவெளி அளவு. மலைக்கு நான் இரண்டு மடங்கு வைக்கிறேன், 240 வாட். இரண்டு பெரிய பல்பு வேண்டாம், 60 வாட்டில் நாலு, எல்லாம் பக்க இணைப்பில். சாயங்காலம் வோல்ட் 184-க்கு இறங்கினாலும் 240-ல் 0.64 என்றால் 154 வாட் நிற்கும். அப்போதும் 120-க்குக் கீழே போகாது. ஒன்று ஃப்யூஸ் ஆனாலும் மற்ற மூன்றும் எரியும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் தனி மடை. சீரிஸில் ஒன்று போனால் எல்லாமே அணைந்துவிடும்.

கணக்கு எவ்வளவு சொன்னாலும் கடைசித் தீர்ப்பு குஞ்சுகள் கையில். பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரி. பல்பை ஏற்றி இறக்க ஒரு சங்கிலி போதும். ஒயரிலேயே தொங்கவிடாதீர்கள். அது அறுந்து உமியில் விழுந்தால் கொட்டகையே போய்விடும். மலையில் எப்போதும் ஈரம், ஆகையால் ஒரு ஈ.எல்.சி.பி. போட்டுக்கொள்ளுங்கள். உயிரைக் காப்பாற்றுகிற சாமான் அது. நான் முறுக்கின மாதிரி வெறும் கையால் ஒயரை முறுக்கி டேப் சுற்றுகிற வேலை வேண்டாம். தெரிந்த எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். கணக்கை மட்டும் நீங்கள் போட்டு வையுங்கள், அவர் போட மாட்டார்.

செலவு: 240 வாட் பதினாலு மணி நேரம் எரிந்தால் 3,360 வாட்-மணி, அதாவது 3.36 யூனிட். இருபத்தொரு ராத்திரிக்கு 70 யூனிட் சொச்சம். வீட்டு இணைப்பில் கொஞ்சம் யூனிட் இலவசம் என்றாலும், வீட்டுச் செலவோடு இதைச் சேர்த்தால் அடுத்த படிக்குப் போய்விடும். படி தாண்டினால் யூனிட் விலையும் ஏறும். அதனால் சூட்டை உண்டாக்குவதைவிட இருக்கிற சூட்டைக் காப்பது மேல். பல்புக்கு மேலே ஒரு மூங்கில் கூடையைக் குடைபோல, இழையிலிருந்து தள்ளி, கவிழ்த்துத் தொங்கவிட்டேன். கொட்டகையைச் சுற்றிச் சாக்குப்படுதா, மேலே மட்டும் காற்றுப்போக்கு. இரண்டாவது வாரமே ஒரு பல்பைக் கழற்ற முடிந்தது. இதைவிடச் சிக்கனம் வேணும் என்றால் அடைக்கோழி இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு குஞ்சைச் சிறகுக்குள் வைத்துக்கொள்ளும். யூனிட் கிடையாது, ஃப்யூஸும் ஆகாது.

எல்.இ.டி. பற்றி ஒரு எச்சரிக்கை. 2015-ல் உஜாலா திட்டம் வந்தபிறகு 9 வாட் எல்.இ.டி. பல்பு வீடு வீடாகப் போய்விட்டது. நல்லதுதான். வெளிச்சத்துக்கு அதை அடிக்க ஆள் இல்லை, 60 வாட் குண்டு பல்பின் வேலையை 9 வாட்டில் செய்கிறது. ஆனால் குஞ்சுக்கு அதை மாட்டாதீர்கள். எவ்வளவு பளிச்சென்று எரிந்தாலும் உள்ளே போவது 9 வாட், வெளியே வருகிற சூடும் அதற்குமேல் இருக்க முடியாது. அறுபது குஞ்சுக்கு 9 வாட்! "பல்பு பளபளன்னு எரிஞ்சுதுங்க, குஞ்சு எப்படிச் செத்ததுன்னே தெரியல" என்று ஒருவர் கூட்டத்தில் சொன்னார். வெளிச்சத்தைச் சூடு என்று நினைத்ததுதான் காரணம். இப்போது கடையில் குண்டு பல்பு கிடைப்பதும் கஷ்டமாகிவிட்டது. கிடைக்காதவர்கள் கோழிக்கென்றே வருகிற இன்ஃப்ராரெட் பல்பு வாங்கலாம். அது 150, 250 வாட்டில் வரும், இணைப்பும் ஹோல்டரும் அதற்குத் தகுந்த மாதிரி இருக்க வேண்டும். இன்னொன்று: நான் மேலே சொன்ன ஓம் கணக்கு எல்.இ.டி.க்குப் பொருந்தாது. உள்ளே ஒரு சின்ன சர்க்யூட் உட்கார்ந்துகொண்டு, வோல்ட் குறைந்தால் கரண்டைக் கூட்டி எடுத்து வாட்டைச் சரிசெய்துவிடும், நல்ல கம்பெனிப் பல்பாக இருந்தால். அதனால்தான் சாயங்காலம் எங்கள் வீட்டு எல்.இ.டி. மினுக்குவதில்லை, கொட்டகை பல்பு மட்டும் மினுக்குகிறது.

கடைசியாக 12 வோல்ட் சமாச்சாரம். இதில் ஏமாறுகிறவர்கள்தான் இப்போது அதிகம்.

எங்களுக்குக் கீழே இருக்கிற நண்பரின் தோட்டம் காட்டோரம். உருளைக்கிழங்கு போட்டால் காட்டுப்பன்றி, பீட்ரூட் போட்டால் காட்டுமாடு. வீட்டுக் கூரையில் சோலார் பலகை, உள்ளே 12 வோல்ட் பேட்டரி. அங்கிருந்து 60 மீட்டர் தள்ளி வேலி மூலையில் விளக்கு. காரில் போடுகிற 12 வோல்ட் 21 வாட் பல்பு கையில் இருந்தது, அதை மாட்டினார். ஒயர் சாதாரண முக்கால் ஸ்கொயர். வீட்டுக்குள் வைத்துப் பார்த்தபோது ஜம்மென்று எரிந்த பல்பு வேலியில் மின்மினிப்பூச்சி மாதிரி எரிந்தது. பேட்டரி மோசம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டார்.

பேட்டரி மேல் தப்பில்லை. கணக்குப் பாருங்கள். பல்பின் தடை 12 பெருக்கல் 12 வகுத்தல் 21, அதாவது 6.86 ஓம். போக 60 மீட்டர், வர 60 மீட்டர், மொத்தம் 120 மீட்டர் ஒயர். முக்கால் ஸ்கொயர் செம்பு ஒயருக்கு அந்த நீளத்தில் தடை சுமார் 3 ஓம். ஒயரும் பல்பும் சீரிஸில் இருக்கின்றன. என் இரண்டு பல்பு கதைதான் மறுபடியும், ஒரு பல்புக்குப் பதில் இங்கே ஒயர். மொத்தம் 9.86 ஓம், கரண்ட் 1.22 ஆம்பியர். பல்புக்குப் போய்ச் சேருவது 8.3 வோல்ட் சொச்சம், வாட் பத்து. இருபத்தொரு வாட் பல்பு பத்து வாட்டில் எரிகிறது. பேட்டரி கொடுப்பது 14.6 வாட், அதில் நாலரை வாட் ஒயரைச் சூடாக்கி வீணாகிறது.

அதே ஒயரில் 230 வோல்ட் 100 வாட் பல்பைப் போட்டுப் பாருங்கள். 529-ம் 3-ம் 532 ஓம், கரண்ட் 0.43 ஆம்பியர். பல்புக்கு 99 வாட் போய்ச் சேருகிறது. ஒயரில் வீணாவது அரை வாட்டுக்குச் சற்று கூட. ஒயரைப் பார்த்து "இது பெரிசா, சின்னதா" என்று கேட்பதில் அர்த்தமில்லை. அது எந்த பல்புக்கு முன்னால் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 529-க்குப் பக்கத்தில் 3 ஒன்றுமே இல்லை. 7-க்குப் பக்கத்தில் 3 கிட்டத்தட்டப் பாதி.

நண்பருக்கு இரண்டு வழி சொன்னேன். ஒன்று, 4 ஸ்கொயர் ஒயர் போடுவது. தடை 0.6 ஓமுக்கு இறங்கும், பல்புக்கு 17, 18 வாட் கிடைக்கும். ஆனால் அவ்வளவு செம்புக்கு விலை யார் கொடுப்பது? இன்னொன்று, பேட்டரியையும் பலகையையும் தூக்கிக்கொண்டுபோய் வேலி மூலையிலேயே வைப்பது. ஒயர் இரண்டு மீட்டர் போதும். அப்படித்தான் செய்தார், பல்பையும் எல்.இ.டி.யாக மாற்றினார். காட்டுமாடு விளக்கைப் பார்த்துப் பயப்படுகிறதா என்று கேட்காதீர்கள். பழகிவிட்டால் அது அந்த வெளிச்சத்திலேயே நின்று மேயும். நமக்குத்தான் அது எங்கே நிற்கிறது என்று தெரிகிறது. ராத்திரி வெளியே வருகிற ஆளுக்கு அதுவே பெரிய விஷயம்.

இந்த வருஷம் மறுபடியும் அறுபது குஞ்சு விட்டிருக்கிறேன். நாலு பல்பு, நாலுக்கும் தனிக் கிளை. கொட்டகைக் கதவில் சாக்பீசால் மூன்று எண் எழுதி வைத்திருக்கிறேன்: 230-க்கு 240, 184-க்கு 154, குறையக்கூடாதது 120. முந்தாநாள் ராத்திரி ஒரு பல்பு ஃப்யூஸ் ஆகியிருக்கிறது, காலையில் தண்ணீர் வைக்கப் போனபோதுதான் பார்த்தேன். மற்ற மூன்றும் எரிந்துகொண்டிருந்தன. குஞ்சுகள் உமிமேல் பரவிப் படுத்திருந்தன. எண்ணிப் பார்த்தேன், அறுபதும் இருந்தன.